டௌ புரதம் நம் செல்லில் எங்கே இருக்கிறது, அங்கே என்ன செய்கிறது?

அல்சைமர் பற்றிய எந்தச் செய்தியை எடுத்தாலும் அமிலாய்டு, டௌ என்று இரண்டு புரதங்களின் பெயர் வந்துவிடும். கூடவே ‘மூளையில் படியும் நச்சு’, ‘ஞாபகத்தைத் தின்னும் புரதம்’ என்று அடைமொழிகளும் வரும். இதைப் படித்துவிட்டு, “என் மூளையில் டௌ இருக்கிறதா என்று டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. டெஸ்ட்டே வேண்டாம், இருக்கிறது. பிறந்த குழந்தைக்கும் இருக்கிறது. தொண்ணூறு வயதிலும் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைத் தேதி மாறாமல் சொல்லும் பாட்டிக்கும் இருக்கிறது.

டௌ விஷயத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: அது செல்லின் எந்த இடத்தில் இருக்கிறது? எந்த நிலையில் இருக்கிறது? இந்த இரண்டையும் விட்டுவிட்டு ‘டௌ கூடியது, குறைந்தது’ என்று பேசினால் பாதிக்கு மேல் தவறாகத்தான் புரியும்.

## ஒரு மீட்டர் நீளமுள்ள செல்

நரம்பு செல்லின் நடுவில் உட்கருவைத் தாங்கிய செல் உடலம் இருக்கிறது. அதிலிருந்து குட்டையான பல கிளைகள் பிரிகின்றன, இவை டென்ட்ரைட்டுகள். அவற்றோடு நீளமான ஒற்றை இழை ஒன்றும் கிளம்புகிறது, அது ஆக்சான். செய்தி டென்ட்ரைட் வழியாக உள்ளே வந்து ஆக்சான் வழியாக வெளியே போகிறது. மூளைக்குள் பல ஆக்சான்கள் சில மில்லிமீட்டரிலேயே முடிந்துவிடும். முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் தொடங்கிப் பாதம் வரை போகும் ஆக்சானோ வளர்ந்த மனிதருக்குச் சுமார் 1 மீட்டர் நீளம். தடிமனில் அது தலைமுடியை விடவும் மெல்லியது.

நரம்பு செல்லுக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை செல் உடலத்தில்தான் தயாராகின்றன. அவை அந்த ஒரு மீட்டரையும் கடந்து நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். தானாகக் கரைந்து பரவட்டும் என்று விட்டால், கணக்குப்படி ஒரு புரதம் அந்தத் தூரத்தைக் கடக்க நூற்றாண்டுகள் ஆகும். ஆகவே செல்லுக்குள் பாதை வேண்டும், பாதையில் சுமை தூக்கிச் செல்ல ஆளும் வேண்டும்.

பாதையின் பெயர் நுண்குழல். டியூபுலின் என்ற புரதம் ஆல்ஃபா, பீட்டா என இரண்டிரண்டாக இணைந்து 8 நானோமீட்டர் நீளமுள்ள அலகாகிறது. நானோமீட்டர் என்றால் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்த அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து சரமாகின்றன. பொதுவாக 13 சரங்கள் பக்கம் பக்கமாக நின்று, 25 நானோமீட்டர் வெளிவிட்டமுள்ள உள்ளீடற்ற குழலாகின்றன. பின்னால் வரும் விஷயங்களுக்கு இரண்டு குறிப்புகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, நுண்குழல் நிலையாக நிற்கும் கம்பி கிடையாது. அதன் நுனியில் அலகுகள் சேர்ந்துகொண்டும் உதிர்ந்துகொண்டும் இருக்கும். இரண்டு, ஆக்சான் முழுவதற்கும் ஒரே குழல் ஓடுவதில்லை. துண்டு துண்டான குழல்கள் ஒரே திசை நோக்கி, முன்னும் பின்னுமாகப் பக்கவாட்டில் அடுக்கப்பட்டிருக்கும்.

சுமை தூக்குபவை கைனெசின், டைனீன் என்ற இரண்டு வகை மோட்டார் புரதங்கள். ஆக்சானில் கைனெசின் நுனியை நோக்கி நடக்கும்; டைனீன் செல் உடலத்துக்குத் திரும்பும். வேகச் சரக்கு நாளொன்றுக்கு 50 முதல் 400 மில்லிமீட்டர் வரை போகும். நல்ல வேகத்தில் போனால் ஒரு மீட்டருக்கு இரண்டரை நாள். டௌ போன்ற புரதங்களுக்கு அந்த வேகம் கிடைப்பதில்லை. அவை நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர், பல சமயம் அதற்கும் குறைவாக, ஊர்ந்து போகும் மெதுவான வரிசையில் செல்கின்றன.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: ஆக்சான் நீளமானது, அதற்குள் பாதையாக நுண்குழல்கள் இருக்கின்றன, அவை ஓயாமல் வளர்ந்தும் தேய்ந்தும் வருகின்றன. இந்த நுண்குழலின் மேல்பரப்புதான் டௌ வேலை பார்க்கும் இடம்.

## டௌ எப்படிக் கண்ணில் பட்டது

1975-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிர்ஷ்னர் குழுவினர் பன்றி மூளையிலிருந்து டியூபுலினைப் பிரித்தெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மூளைச் சாற்றை 37 டிகிரிக்குச் சூடாக்கினால் டியூபுலின் சேர்ந்து நுண்குழலாகும். பனிக்கட்டிக் குளிருக்குக் கொண்டுவந்தால் அலகுகளாகப் பிரிந்துவிடும். இப்படிச் சூடாக்கி, குளிரவைத்து, ஒவ்வொரு முறையும் மையவிலக்கியில் சுழற்றினால் டியூபுலின் ஓரளவு சுத்தமாகிவிடும்.

அந்தச் சாற்றைப் பாஸ்போசெல்லுலோஸ் என்ற எதிர்மின் தன்மையுள்ள பொருள் நிரப்பிய குழாய் வழியாக விட்டபோது ஒரு மாற்றம் தெரிந்தது. டியூபுலின் தானும் எதிர்மின் தன்மை கொண்டதால் ஒட்டாமல் கீழே இறங்கிவிட்டது. ஆனால் அந்தத் தூய டியூபுலினை எவ்வளவு நேரம் வெதுவெதுப்பில் வைத்தாலும் குழல் உருவாகவில்லை. குழாயில் ஒட்டிக்கொண்ட மீதியை உப்புக் கரைசலால் கழுவி எடுத்துச் சேர்த்தார்கள். குழல்கள் மறுபடி வந்தன. ஒட்டிக்கொண்டது நேர்மின் தன்மையுள்ள புரதம். அதுதான் டௌ.

இந்தச் சோதனையிலேயே டௌவின் முக்கியமான குணம் தெரிந்துவிடுகிறது. நுண்குழலின் வெளிப்பரப்பு எதிர்மின் தன்மை உள்ளது, டௌவின் நடுப்பகுதி நேர்மின் தன்மை உள்ளது, அதனால் இரண்டும் ஒட்டுகின்றன. பாஸ்பேட் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

ஆய்வகத்தில் டௌவைப் பிரிப்பவர்கள் இன்றும் செய்யும் ஒரு வேலை, சாற்றைக் கொதிக்க வைப்பது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கட்டியாவதைப் போல மற்றப் புரதங்கள் திரண்டு அடியில் தங்கிவிடும். டௌ போன்ற சில மட்டும் கரைந்த நிலையிலேயே இருக்கும். காரணம் எளிது. பெரும்பாலான புரதங்கள் குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருப்பவை. வெப்பத்தில் அந்த மடிப்பு குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. டௌவுக்குக் குலைவதற்கு மடிப்பே கிடையாது. நிலையான வடிவமின்றி நெளிந்துகொண்டிருக்கும் இத்தகைய புரதங்களை ஒழுங்கற்ற புரதங்கள் என்கிறார்கள். ‘ஒழுங்கற்ற’ என்றவுடன் கோளாறு என்று நினைக்க வேண்டாம், அதுவே இதன் இயல்பு. இத்தனை நன்றாகக் கரையும் புரதம் நோயில் கரையாத இழையாகத் திரள்கிறது என்பது இந்தத் துறையின் பெரிய புதிர்களில் ஒன்று.

## வடம் பிடிக்கும் கைகள்

நுண்குழலைத் தண்டவாளமாகவும், டௌவை அதன் அடியில் பதித்த கட்டையாகவும் வரைந்து காட்டுவது வழக்கம். பாடப்புத்தகத்துக்கு வசதியான படம். ஆனால் ஒருமுறை பதித்தால் அசையாத ஒன்று என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகிறது. உண்மை வேறு மாதிரி.

தேர்த்திருவிழாவில் வடத்தைக் கவனித்துப் பாருங்கள். எந்த நிமிடத்தில் பார்த்தாலும் வடம் நெடுகக் கைகள் இருக்கும். அதே ஆட்கள் நான்கு வீதியும் விடாமல் பிடித்து வருகிறார்களா என்றால் இல்லை. ஒருவர் பிடிக்கிறார், பத்தடி நடக்கிறார், விலகுகிறார். அந்த இடத்தில் இன்னொரு கை வந்துவிடுகிறது. உயிருள்ள நரம்பு செல்களில் தனித்தனி டௌ மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்து 2014-இல் வெளியான ஆய்வு ஏறக்குறைய இதையே காட்டியது: ஒரு டௌ நுண்குழலில் ஒட்டியிருக்கும் நேரம் சராசரியாக 40 மில்லிவினாடி. ஒரு வினாடிக்குள் பல முறை வந்து போகலாம். டௌ ஏராளமாக இருப்பதால் குழல் வெறுமையாக இருப்பதில்லை. ஒவ்வொன்றும் உடனே விலகிவிடுவதால் மோட்டார் புரதங்களுக்கு வழியும் அடைபடுவதில்லை. இழுப்பது டௌவின் வேலை இல்லை என்பதால் ஒப்புமையை இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒட்டும் வேலையைச் செய்வது டௌவின் பின்பாதியில் இருக்கும் சிறு தொடர்கள். ஒவ்வொன்றும் 31 அல்லது 32 அமினோ அமில நீளம். ஏறக்குறைய ஒரே மாதிரியான தொடர் மூன்று அல்லது நான்கு முறை வரும். இவை மீள்தொடர்கள். முன்பாதி குழலை ஒட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

## சரியான இடம் எது?

மூளையில் டௌ அதிகமாக இருப்பது நரம்பு செல்லில். நரம்பு செல்லுக்குள் அதிகமாக இருப்பது ஆக்சானில். 1985-இலேயே எதிர்ப்பொருள் சாயமிட்டு இதைக் கண்டார்கள். டென்ட்ரைட்டிலும் நுண்குழல் உண்டு, ஆனால் அங்கே அந்த வேலை மேப்2 என்ற உறவுக்காரப் புரதத்துடையது. இதனால் ஆய்வகத்தில் ஒரு நரம்பு செல்லின் எந்த இழை ஆக்சான், எது டென்ட்ரைட் என்று பிரித்தறிய டௌவுக்கு ஒரு நிறம், மேப்2-க்கு ஒரு நிறம் என்று சாயமிடுகிறார்கள்.

ஒரே செல்லுக்குள் இந்தப் பாகுபாடு தானாக வந்துவிடுவதில்லை. டௌ தயாரிப்பதற்கான குறிப்பை மரபணுவிலிருந்து எடுத்துவரும் செய்தி ஆர்.என்.ஏ-வில் ஒரு பகுதியே ‘ஆக்சான் பக்கம் கொண்டுபோ’ என்ற முகவரியாக வேலை செய்கிறது. ஆக்சான் தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு சிறு பகுதி, உள்ளே போன டௌ செல் உடலத்துக்குத் திரும்பிவிடாமல் தடுப்பாக நிற்கிறது. இந்த ஏற்பாடு தளர்ந்தால் டௌ செல் உடலத்திலும் டென்ட்ரைட்டிலும் குவியத் தொடங்கும். அல்சைமர் மூளையில் முதலில் தெரியும் கோளாறுகளில் இதுவும் ஒன்று.

ஆக்சான்தான் தலைமையிடம் என்றாலும் வேறு இடங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. நரம்பு சந்திப்பான சினாப்ஸில், செய்தி வாங்கும் பக்கத்திலும், சிறிதளவு டௌ இருக்கிறது. அங்கே ஃபின் என்ற நொதியை உரிய இடத்துக்குக் கொண்டுசேர்க்க உதவுகிறது. உட்கருவுக்குள்ளும் இருக்கிறது, செல்லை வெப்பத்தால் வருத்தினால் உட்கருவில் டௌ கூடுகிறது, டி.என்.ஏ சேதமாவதைக் குறைக்கிறது என்று எலி நரம்பு செல்களில் காட்டியிருக்கிறார்கள். ஆக்சானுக்கு உறை போர்த்தும் ஒலிகோடென்ட்ரோசைட் என்ற துணை செல்லிலும் டௌ உண்டு.

மூளையோடு நிற்பதும் இல்லை. கை கால்களுக்குப் போகும் புற நரம்புகளில் கூடுதல் துண்டு சேர்ந்த ‘பெரிய டௌ’ இருக்கிறது. இதயம், சிறுநீரகம், எலும்புத்தசை போன்ற உறுப்புகளிலும் குறைந்த அளவில் காணப்படுகிறது. ‘மூளையில் மட்டுமே உள்ள புரதம்’ என்று எழுதுவது சரியில்லை. மூளையில் மிக அதிகமாக உள்ள புரதம் என்பதே சரி.

கடைசியாக, செல்லுக்கு வெளியே. நல்ல நிலையில் உள்ள நரம்பு செல்களே டௌவைச் சிறிதளவு வெளியே விடுகின்றன. செல் சுறுசுறுப்பாக இயங்கினால் அது கூடுகிறது. அப்படி வெளிவருவதில் பெரும்பகுதி முழு டௌ கிடையாது, மீள்தொடர் பகுதி இல்லாத துண்டுகள். அவை மூளைத் தண்டுவடத் திரவத்துக்கும், அங்கிருந்து மிகச் சிறிய அளவில் ரத்தத்துக்கும் வருகின்றன. மனித மூளை மண்டலத்தில் டௌவின் அரை ஆயுள் சுமார் 23 நாள் என்று அளந்திருக்கிறார்கள். அதாவது இன்று இருக்கும் டௌவில் பாதி மூன்று வாரம் சொச்சத்தில் புதிதாக மாற்றப்பட்டுவிடும்.

சுருங்கச் சொன்னால் டௌவின் பிரதான இடம் ஆக்சான்; சினாப்ஸ், உட்கரு, துணை செல்கள், மூளைக்கு வெளியே சில உறுப்புகள் ஆகியவை சிறு இடங்கள்; செல்லுக்கு வெளியே சிறிது கசிவது இயல்பு.

## ஒரு மரபணு, ஆறு வடிவம்

டௌவுக்கான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மரபணு ஒன்றுதான். ஆனால் அதன் செய்தியைத் தைக்கும்போது 2, 3, 10 ஆகிய மூன்று துண்டுகளைச் சேர்ப்பதையும் விடுவதையும் பொறுத்து, வளர்ந்தவர் மூளையில் 352 முதல் 441 அமினோ அமிலம் வரை நீளமுள்ள ஆறு வடிவங்கள் கிடைக்கின்றன. பத்தாம் துண்டுதான் இங்கே முக்கியம். அது சேர்ந்தால் நான்கு மீள்தொடர், சேராவிட்டால் மூன்று. ஆய்வாளர்கள் இவற்றை 4ஆர், 3ஆர் என்பார்கள். நான்கு உள்ளது நுண்குழலை இன்னும் உறுதியாகப் பற்றும்.

கருவில் இருக்கும் குழந்தையின் மூளையில் ஆறில் மிகக் குட்டையான 3ஆர் வடிவம் மட்டுமே இருக்கிறது. ஆக்சான்கள் வளர்ந்து வழி தேடும் காலம் அது. குழல்கள் அடிக்கடி மாறவேண்டியிருப்பதால் லேசான பிடியே போதும். வளர்ந்தவர் மூளையில் 3ஆரும் 4ஆரும் ஏறக்குறையச் சரிபாதி.

இந்தச் சரிபாதி எவ்வளவு முக்கியம் என்பதை 1998-இல் கண்டுபிடித்த மரபணு மாற்றங்கள் காட்டின. சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் முன்மூளைச் சிதைவு நோய்க்கு டௌ மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்று அந்த ஆண்டு தெரிந்தது. அவற்றில் சில மாற்றங்கள் டௌ புரதத்தின் ஒரு அமினோ அமிலத்தைக்கூட மாற்றவில்லை. பத்தாம் துண்டைச் சேர்க்கும் விகிதத்தை மட்டும் மாற்றி 4ஆரை அதிகமாக்கின. நோய் வர அதுவே போதுமானதாக இருந்தது.

எலிச் சோதனைச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வளர்ந்த சுண்டெலியின் மூளையில் 4ஆர் மட்டுமே உண்டு, அதற்கு இயல்பாக அல்சைமரும் வருவதில்லை. ஆகவே ‘டௌ நோயுள்ள எலி’ என்றால் பெரும்பாலும் மனித டௌ மரபணுவைப் புகுத்திய எலி. அதில் வேலை செய்த மருந்து மனிதரிடம் தோற்பதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

## அப்படி என்னதான் செய்கிறது?

‘நுண்குழலை உறுதிப்படுத்துகிறது’ என்பது வழக்கமான ஒற்றை வரி விடை. சோதனைக் குழாயில் அது உண்மை. உயிருள்ள ஆக்சானில் விஷயம் அத்தனை நேராக இல்லை.

1994-இல் டௌ மரபணுவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். டௌ இல்லாவிட்டால் நுண்குழல் கலைந்து நரம்பு மண்டலமே சரிந்துவிடும் என்றால் அவை பிழைத்திருக்கவே கூடாது. பிழைத்தன, வளர்ந்தன, குட்டியும் போட்டன. மெல்லிய ஆக்சான்களில் மட்டும் நுண்குழல் அமைப்பில் குறை தெரிந்தது. மேப்1ஏ என்ற இன்னொரு புரதம் கூடியிருந்தது. 2018-இல் எலி நரம்பு செல்களில் டௌவைக் குறைத்துப் பார்த்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒவ்வொரு நுண்குழலிலும் நிலையான பகுதி ஒன்று, மாறிக்கொண்டே இருக்கும் பகுதி ஒன்று என இரண்டு உண்டு. டௌ குறைந்தபோது சுருங்கியது மாறும் பகுதிதான். டௌ குழலைக் கெட்டிப்படுத்தி நிறுத்தவில்லை, மாறும் பகுதி நீளமாக இருக்க இடம் கொடுக்கிறது என்பது அந்தக் குழுவின் முடிவு. எனக்கு இந்த வாதம் வலுவாகவே படுகிறது. 40 மில்லிவினாடி மட்டுமே தொட்டுவிட்டுப் போகும் ஒன்றைத் தூணாகக் கருதுவது கடினம்.

தெளிவாகத் தெரிந்த வேறு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது போக்குவரத்து ஒழுங்கு. டௌ திட்டாக இருக்கும் இடத்துக்கு வந்தால் கைனெசின் பெரும்பாலும் குழலை விட்டுக் கழன்றுவிடும், டைனீன் பெரும்பாலும் திரும்பி நடக்கும். 2008-இல் தனி மூலக்கூறு அளவில் இதைப் பார்த்திருக்கிறார்கள். எங்கே எவ்வளவு டௌ என்பது எந்தச் சரக்கு எங்கே இறங்கும் என்பதையும் பாதிக்கிறது. இரண்டாவது பாதுகாப்பு. நுண்குழலை வெட்டும் கட்டானின் போன்ற நொதிகள் செல்லுக்குள் உண்டு. டௌ மூலக்கூறுகள் நெருக்கமாகத் திரண்டு குழலின் சில பகுதிகளில் போர்வையாகப் படியும்போது அந்த நொதிகளால் அங்கே வெட்ட முடிவதில்லை. 2019-இல் இது வெளிவந்தது. அந்தப் போர்வையிலும் தனித்தனி மூலக்கூறுகள் வந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

## பாஸ்பேட்: பிடியைத் தளர்த்தும் விசை

டௌவின் பிடியைச் செல் கட்டுப்படுத்துவது பாஸ்பேட் மூலம். கைனேஸ் என்ற நொதிகள் டௌவின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. பாஸ்பட்டேஸ் என்ற நொதிகள் அதைக் கழற்றுகின்றன. பாஸ்பேட் எதிர்மின் தன்மை கொண்டது. நேர்மின் தன்மையால் ஒட்டிய பகுதியில் அல்லது அதன் அருகில் எதிர்மின் சேர்ந்தால் பிடி தளரும். 441 அமினோ அமிலமுள்ள நீளமான வடிவத்தில் பாஸ்பேட் ஒட்டச் சாத்தியமான இடங்கள் 85. இயல்பான மூளையில் ஒரு டௌ மூலக்கூறுக்குச் சராசரியாக 2 அல்லது 3 பாஸ்பேட் இருக்கும். அல்சைமர் மூளையில் அது மூன்று நான்கு மடங்கு.

இங்கே ஒரு தவறான முடிவுக்குத் தாவுவது சுலபம்: பாஸ்பேட் ஏறினால் நோய் என்று. கருவிலுள்ள குழந்தையின் டௌவில் பாஸ்பேட் மிக அதிகம். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பி-டௌ217 (217-ஆம் இடத்தில் பாஸ்பேட் உள்ள டௌ) என்ற வகை, அல்சைமர் நோயாளிகளின் அளவைத் தாண்டி இருப்பதும் தெரியவந்திருக்கிறது. குளிர்காலத்தில் நீண்ட உறக்கத்துக்குப் போகும் நில அணில்களின் மூளையில் உறக்கத்தின்போது டௌவில் பாஸ்பேட் ஏறுகிறது, விழித்ததும் இறங்கிவிடுகிறது. இந்த இரண்டிலும் டௌ முடிச்சாகத் திரள்வதில்லை.

இன்னொரு பிழை ஆய்வக மேசையிலேயே நேர்ந்தது. இயல்பான மூளை என்று ஒப்பிட எடுத்தவை பெரும்பாலும் இறந்து பல மணி நேரம் கழித்து எடுத்த திசுக்கள். அந்த இடைவெளியில் பாஸ்பட்டேஸ் தன் வேலையைத் தொடர்ந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. அறுவை சிகிச்சையின்போது எடுத்து உடனே பதப்படுத்திய திசுவைப் பார்த்தபோதுதான், நோய்க்கே உரியவை என்று நினைத்த பல பாஸ்பேட் இடங்கள் நல்ல மூளையிலும் இருப்பது தெரிந்தது.

நினைவில் வைக்க வேண்டியது: பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் டௌவின் அன்றாட வேலை. ஏறியது இறங்காமல் நின்றுவிடுவதுதான் கவலைக்குரியது.

## இடம் மாறி, உரு மாறி

நோயில் நடப்பதைப் படிப்படியாகச் சொன்னால் இப்படி. பாஸ்பேட் ஏறிய டௌ குழலை விட்டு விலகி இருக்கும் நேரம் கூடுகிறது. ஆக்சானை விட்டுச் செல் உடலத்திலும் டென்ட்ரைட்டிலும் சேர்கிறது. அங்கே நெருக்கமாகக் கிடக்கும்போது மீள்தொடர் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகின்றன. குழலைப் பிடித்த அதே பகுதிதான் இப்போது இன்னொரு டௌவைப் பிடிக்கிறது. அடுக்கு நீண்டு இழையாகிறது, இழைகள் சேர்ந்து முடிச்சாகின்றன.

1906-இல் அலாய்ஸ் அல்சைமர் நுண்ணோக்கியில் கண்ட முடிச்சுகள் இவையே. 1963-இல் மைக்கேல் கிட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டிரண்டாக முறுக்கிய இழைகள் என்றார். அவற்றுள் இருப்பது டௌதான் என்பது 1980-களின் நடுவில் உறுதியானது. 2017-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வகம் ஒன்று நோயாளியின் மூளையிலிருந்து எடுத்த இழையின் அணு அளவிலான அமைப்பை வெளியிட்டது. டௌவின் 306 முதல் 378 வரையிலான அமினோ அமிலங்கள் ஆங்கில சி எழுத்து வடிவில் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. இயல்பில் வடிவமே இல்லாத புரதத்துக்கு நோயில்தான் கெட்டியான வடிவம் வருகிறது. அதுவும் நோய்க்கு நோய் வேறு மடிப்பு: அல்சைமரில் 3ஆர், 4ஆர் இரண்டும் கலந்த இழை, முன்மூளைச் சிதைவில் ஒரு வகையான பிக் நோயில் 3ஆர் மட்டும், பார்வையும் நடையும் தடுமாறும் பி.எஸ்.பி நோயில் 4ஆர் மட்டும்.

அமிலாய்டையும் டௌவையும் குழப்பிக்கொள்பவர்கள் இடத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். அமிலாய்டு படிவு செல்லுக்கு வெளியே. டௌ முடிச்சு செல்லுக்கு உள்ளே. முடிச்சுகள் பரவும் வழியை ஜெர்மனியின் ஹைகோ பிராக், ஈவா பிராக் இருவரும் 1991-இல் ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். பொட்டு மடலின் உட்புறத்தில் தொடங்கி, நினைவுக்கு வேண்டிய ஹிப்போகாம்பஸ் பகுதிக்குப் போய், கடைசியில் மூளையின் மேற்புறணி முழுக்கப் பரவுகிறது. நோயாளியின் மறதி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதோடு அமிலாய்டு அளவை விட இந்த முடிச்சுகளின் பரவலே நெருக்கமாக ஒத்துப்போகிறது. முதல் ஓரிரு நிலை மட்டும் உள்ள முதியவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு மறதி நோய் இருப்பதில்லை.

## டெஸ்ட் முடிவில் எந்த டௌ?

‘டௌ டெஸ்ட்’ என்று ஒன்று கிடையாது. குறைந்தது மூன்று இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு இடத்து டௌவைச் சொல்கின்றன. மொத்த டௌ என்பது முதுகுத்தண்டிலிருந்து எடுத்த திரவத்தில் அளப்பது. ஆக்சான்கள் சேதமானால் கூடும். பக்கவாதத்திலும் தலைக்காயத்திலும் கூடும் என்பதால் அதை மட்டும் வைத்து அல்சைமர் என்று சொல்ல முடியாது. பி-டௌ217 என்பது 217-ஆம் இடத்தில் பாஸ்பேட் உள்ள டௌ, ரத்தத்திலேயே அளக்கலாம். பெயரில் டௌ இருந்தாலும் இது பெரிதும் காட்டுவது மூளையில் அமிலாய்டு படிந்திருக்கிறதா என்பதை. 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இதை அமிலாய்டு அளவோடு ஒப்பிடும் ரத்தப் பரிசோதனை ஒன்றை அனுமதித்தது. அதுவும் அறிகுறி உள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. சிறுநீரகம் சரியாக இயங்காதவர்களிடம் இந்த அளவு கூடுதலாகத் தெரியும். மருத்துவரிடம் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். மூன்றாவது டௌ பெட் ஸ்கேன். 2020-இல் அனுமதி பெற்ற ஃப்ளோர்டௌசிபிர் என்ற கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, செல்லுக்குள் திரண்ட முடிச்சுகளையே படமெடுப்பது இது. முடிச்சு எங்கே என்று நேராகக் காட்டுவது இந்த ஒன்றுதான்.

மருந்துகளிலும் இதே இடப் பிரச்சினைதான். கோசுரானெமாப், டிலாவோனெமாப் ஆகிய எதிர்ப்பொருள் மருந்துகள் செல்லுக்கு வெளியே உலவும் டௌவின் முன்பாதியைப் பிடிப்பவை. திரவத்தில் அந்த டௌ குறைந்தது. நோயின் வேகம் குறையவில்லை. டௌவில் பெரும்பகுதி செல்லுக்குள் இருக்க, வெளியே கசிந்த துண்டுகளைப் பொறுக்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இப்போது சோதனையில் உள்ள பி.ஐ.ஐ.பி080 என்ற மருந்து வேறு வழியில் போகிறது. இடுப்புப் பகுதியில் முதுகுத்தண்டுத் திரவத்துக்குள் ஊசியாகப் போட்டால், அது நரம்பு செல்லுக்குள் புகுந்து டௌ மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ-வையே சிதைக்கிறது. டௌ தயாராகும் இடத்திலேயே குறைகிறது. டௌ இல்லாத எலிகள் பிழைத்திருந்தன என்ற 1994-ஆம் ஆண்டு முடிவு, இப்படிக் குறைத்துப் பார்க்கத் துணிவு தந்த காரணங்களில் ஒன்று. முதல் கட்டச் சோதனையில் அதிக அளவு மருந்து பெற்றவர்களின் திரவத்தில் மொத்த டௌ ஏறக்குறையப் பாதியாக இறங்கியது. 23 நாள் அரை ஆயுள் உள்ள புரதம் என்பதால், அந்த இறக்கம் முழுதாகத் தெரியச் சில மாதங்கள் ஆயின.